மாமியாரின் மெயிலுக்கு இடம் பார்க்காத மாப்பிள்ளை

கல்யாணத்துக்கு முன்பே மாமியாருக்குக் கெடுதல் செய்துவிட்ட மாப்பிள்ளைகள் உலகத்தில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. ஒருவனைத் தெரியும். கல்யாணத்துக்கு இரண்டரை வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை மதியம், பெண் வீட்டில் வயிறு நிறைய நாட்டுக்கோழிக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, அந்த வீட்டில் பல வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த கடிதங்களை அழித்தவன் அவன். யாரும் அவனைக் கேட்கவில்லை. அவனே முன்வந்து, சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு செய்தான்.

(கோழியின் மீது குறை ஒன்றும் இல்லை. குறை முழுக்க என்மீதுதான்.)

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. தேனியில் ஒரு தனியார் அலுவலகத்தில் 'சிஸ்டம்ஸ்' பிரிவில் வேலை. பிரிவு என்றால் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பதாக நினைக்க வேண்டாம். நான் ஒருவன்தான் பிரிவு. பிரின்டரில் சிக்கிய பேப்பரை உருவுவது, மேனேஜர் மறந்துபோன பாஸ்வேர்டை மாற்றித் தருவது, 'நெட் வரல' என்று சொல்பவர்களின் மேஜைக்கு அடியில் குனிந்து ஒயரை அழுத்திச் செருகுவது. இதுதான் என் தொழில். ஆனால் சம்பந்தம் பேசப் போன பெரியப்பா, பெண் வீட்டில் என்னை 'சாஃப்ட்வேர் இஞ்சினியர்' என்று சொல்லிவிட்டார். நான் அதை மறுக்கவில்லை. ஒரு மனிதன் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டே எவ்வளவு நாள்தான் இருப்பான்?

பெண் அமலா. பெரியகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர்கள் வீடு கம்பத்தைத் தாண்டி, கூடலூர் போகிற வழியில் இருந்தது. அப்பா சவரிமுத்து திராட்சை விவசாயி. அம்மா ரெஜினா, அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வீட்டுக்காரர் உட்பட எல்லோருக்கும் 'டீச்சர்'தான்.

டீச்சருக்கு ஒரு பழக்கம். பள்ளியை விட்டுப் போகிற ஒவ்வொரு பிள்ளையிடமும், 'எங்க போனாலும் எனக்கு ஒரு கடிதம் போடணும்' என்று சொல்லி அனுப்புவார். முதலில் தபாலில் வந்தது. பிறகு ஒரு மாணவன் ஊருக்கு வந்தபோது பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொடுத்து, மின்னஞ்சல் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து கடிதங்கள் கொட்டத் தொடங்கின. திருப்பூரில் இருந்து, துபாயில் இருந்து, கனடாவில் இருந்து. கிரகப்பிரவேசப் போட்டோ, பிள்ளை பிறந்த போட்டோ, பனியில் நின்று எடுத்த போட்டோ. பனியைக் கண்ட நம்மவர்கள் ஒரு போட்டோவோடு நிறுத்துவதில்லை.

டீச்சர் எல்லாவற்றுக்கும் பதில் எழுதுவார். பதிலோடு, வந்த கடிதத்தில் இருந்த பிழைகளைச் சிவப்பு எழுத்தில் திருத்தியும் அனுப்புவார். ஒரு தொழிற்சாலையில் ஐந்நூறு பேரை வேலை வாங்குகிற மாணவர் ஒருவர், டீச்சருக்கு எழுதுமுன் தன் மனைவியிடம் காட்டி ஒற்றுப்பிழை பார்த்துக்கொள்வாராம்.

அந்தக் கடிதங்கள் எல்லாம் டீச்சரின் கம்ப்யூட்டருக்குள் மட்டுமே இருந்தன. இப்போது போல எங்கோ ஓர் இடத்தில் பத்திரமாக இருந்துகொண்டு, நாம் எந்தப் போனில் திறந்தாலும் வந்து நிற்கிற மெயில் அல்ல. அது பழைய ஏற்பாடு. கடிதம் வந்ததும் கம்ப்யூட்டர் அதை இறக்கித் தன்னிடம் வைத்துக்கொள்ளும். இணையத்தில் இருந்ததை அழித்துவிடும். ஆக, டீச்சர் கையில் இருந்தது ஒரே ஒரு பிரதி. இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் செய்தேன் என்பதுதான் இந்தக் கதையில் என்னால் இன்றுவரை யாருக்கும் விளக்க முடியாத பகுதி.

அந்தச் சனிக்கிழமை நான் போனது கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் காட்ட. டீச்சர் அதில் நான்கு பிழை கண்டுபிடித்தார். சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தபோது பேச்சுவாக்கில் சொன்னார்.

"பத்து நாளா மெயில் வருது, ஆனா என்னால பதில் அனுப்ப முடியல. அந்தப் புரோகிராம் பழசாயிருச்சாம். புதுசு போடணுமாம். கம்பத்துல இருந்து ஒரு ஆள் வரேன்னுருக்காக."

"அதுக்கு எதுக்கு டீச்சர் ஆளு?" என்றேன். "அரை மணி நேர வேலை."

வாசலில் நின்ற அமலா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பெருமை இருந்ததாக நான் எடுத்துக்கொண்டேன். (கல்யாணத்துக்குப் பிறகு விசாரித்ததில், 'உங்களுக்கு நிஜமாவே தெரியுமான்னு பாத்தேன்' என்றாள்.)

புதிய புரோகிராமை இறக்கிப் போட்டேன். அது மரியாதையாக, 'பழைய கடிதங்களை இங்கே கொண்டு வரட்டுமா?' என்று கேட்டது. ஆமாம் என்றேன். அடுத்து ஒரு பக்கம் முழுக்க எழுத்தாக வந்தது. அதைப் படிக்காமல் 'நெக்ஸ்ட்' அழுத்தினேன். அந்த மாதிரிப் பக்கங்களைப் படிப்பவன் தொழில் தெரியாதவன் என்று அப்போது எனக்கு ஓர் எண்ணம்.

அந்தப் பக்கத்தில் இருந்ததைப் பிறகு பலமுறை படித்திருக்கிறேன். எளிமையான விஷயம்தான். இந்தப் புரோகிராம் உங்கள் பழைய கடிதங்களை எடுத்துக்கொண்டு வராது. பார்த்துப் பிரதி எடுக்கும். பழையது பழைய இடத்திலேயே இருக்கும். ஆகவே, பழையது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறதோ அவ்வளவு காலி இடம் புதிதாக வேண்டும். தேடுவதற்கான அட்டவணை ஒன்றையும் அது தயாரிப்பதால், அதற்கும் மேலே கொஞ்சம் வேண்டும். தொடங்குமுன் பார்த்துக்கொள்ளவும். இவ்வளவுதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்.

டீச்சரின் கடிதங்கள், அந்தப் பனிப் போட்டோக்களோடு சேர்த்து, முப்பது ஜிபிக்கு மேல். சி டிரைவில் இருந்த காலி இடம் பதினெட்டு.

பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. நான் சாய்ந்து உட்கார்ந்து, டீச்சர் கொடுத்த பன்னீர் திராட்சையைத் தின்றுகொண்டே, கம்ப்யூட்டர் துறையின் எதிர்காலத்தைப் பற்றிச் சவரிமுத்து மாமாவுக்கு விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனார். பாதிக்கு மேல் போன கோடு நின்றது. 'இடம் இல்லை' என்று ஒரு கட்டம் எழுந்தது.

அந்த இடத்தில் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்திருக்கலாம். கம்பத்து ஆளுக்குப் போன் போட்டிருக்கலாம். நான் யோசித்தேன். அதுதான் தப்பாகப் போயிற்று. என் யோசனை இப்படிப் போனது: பாதிக் கடிதங்கள் புது இடத்துக்கு வந்துவிட்டன. வந்துவிட்டவற்றுக்குப் பழைய இடத்தில் இன்னொரு பிரதி எதற்கு? அதை அழித்தால் இடம் கிடைக்கும். மீதி வந்து சேரும்.

டீச்சர் கடிதங்களைப் பத்தாம் வகுப்பு முடித்த வருஷவாரியாக, ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு ஃபோல்டர் என்று பிரித்து வைத்திருந்தார். முதல் ஒன்பது செட் புது இடத்தில் தெரிந்தது. அந்த ஒன்பதையும் பழைய இடத்தில் தேர்ந்தெடுத்தேன். சாதாரணமாக அழித்தால் குப்பைத் தொட்டியில் கிடந்து அங்கேயும் இடத்தை அடைக்கும் என்பதால், ஷிஃப்டை அழுத்திக்கொண்டு நிரந்தரமாக அழித்தேன். (அன்று முழுவதும் எனக்குச் சரியாகத் தெரிந்திருந்த விஷயம் இது ஒன்றுதான்.)

'மறுபடி தொடங்கவா?' என்று கேட்டது. தொடங்கு என்றேன்.

அது என்ன செய்தது தெரியுமா? பாதியில் நின்றுபோன வேலையை அது விட்ட இடத்தில் தொடரவில்லை. முதல் தடவை பிரதி எடுத்ததை எல்லாம் தானே துடைத்துப் போட்டுவிட்டு, ஆரம்பத்தில் இருந்து தொடங்கியது. ஆரம்பத்தில்தான் இப்போது ஒன்றும் இல்லையே. இருந்ததை மட்டும் ஒழுங்காகப் பிரதி எடுத்துவிட்டு, 'வெற்றிகரமாக முடிந்தது' என்று அறிவித்தது.

திறந்து பார்த்தேன். பத்தாவது செட்டில் இருந்துதான் இருந்தது. மூடிவிட்டுத் திறந்தேன். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போட்டேன். இதற்கிடையில், தற்செயலாக, டி டிரைவ் என்று ஒன்று அதே கம்ப்யூட்டரில் இருப்பதைக் கண்டேன். தொண்ணூறு ஜிபி. அதில் அமலா சின்ன வயதில் மாறுவேடப் போட்டியில் இறக்கை கட்டிக்கொண்டு சம்மனசு வேஷம் போட்ட போட்டோ ஒன்று இருந்தது. மற்றபடி முழுக்கக் காலி.

"முடிஞ்சுருச்சா?" என்று கேட்டார் டீச்சர்.

"இன்னும் கொஞ்ச நேரம் டீச்சர்" என்றேன். அதன்பிறகு முக்கால் மணி நேரம் மவுஸை அப்படியும் இப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தேன். நகர்த்த நகர்த்தக் கடிதம் வந்துவிடும் என்பது போல. அமலாதான் கண்டுபிடித்தாள். பின்னால் வந்து நின்று, "உங்க சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு. ஃபேன் ஓடுதே?" என்றாள்.

சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். தூக்கத்தில் இருந்து எழுந்த சவரிமுத்து மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நிஜமாகவே புரிந்துகொள்ளும் ஆசையோடு ஒரு கேள்வி கேட்டார்.

"சாமான் எல்லாம் புது வீட்டுக்கு வந்து சேருறதுக்குள்ளேயே பழைய வீட்டத் தீ வச்சுட்டீக. அப்படித்தான மாப்ள?"

"ஆமா மாமா."

"புது வீட்டுல எடம் இருக்கான்னு மொதல்ல பாக்கலையாக்கும்?"

"இல்ல மாமா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். டீச்சர், "எந்த எந்த செட்டு?" என்று மட்டும் கேட்டார். முதல் ஒன்பது என்றேன். பிறகு அந்தத் திராட்சைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தட்டில் இன்னும் பழம் இருந்தது.

மறுநாள் ஞாயிறு. எங்கள் கிறிஸ்தவ வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, இதற்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் கோயிலின் பாதிரியாரான பங்குச்சாமியிடம் அறிவிக்க வேண்டும் என்று ஊரறியச் சொல்வதுதான் ஓலை. அன்று எங்களுக்கு இரண்டாம் ஓலை. அமலா வரச் சொன்னதால் தேனியில் இருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய், அவர்கள் கோயிலில் கடைசி வரிசையில் நின்றேன்.

பங்குச்சாமி என் பெயரை வாசித்தார். அமலாவின் பெயரை வாசித்தார். "தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள்..." என்றபோது, பெண்கள் பக்கம் முதல் வரிசையில் இருந்து டீச்சர் எழுந்தார்.

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு உருக்கமாக வேறெப்போதும் ஜெபித்ததில்லை. என்ன ஜெபித்தேன் என்றுதான் நினைவில்லை. டீச்சர் நேராக நடந்து, பாடற்குழுவின் பக்கம் போய், பாட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். அவர்தான் பாடற்குழுவுக்குத் தலைவி என்பது எனக்கு அப்போது தெரியாது. ஓலைக்கு அடுத்து பாட்டு. அவ்வளவுதான்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"கல்யாணத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. மூஞ்சிய அப்படி வச்சுக்கிறாதீங்க, பாக்குறவுக என்ன நினைப்பாக?" என்றார். "நாளைக்கு அந்தப் பெட்டியத் தேனிக்குக் கொண்டுபோய் யார்கிட்டயாவது காட்டுங்க. கெடைச்சாக் கெடைக்கட்டும். கெடைக்கலைன்னா நான் ஒரு வேலை வச்சிருக்கேன்."

தேனியில் இதற்கென்றே இருக்கிற கடைக்காரர் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அழித்ததோடு நிறுத்தியிருந்தால் மீட்டிருக்கலாமாம். அழித்த இடத்தின் மேலேயே மறுபடி எழுதிவிட்டதால் ஒன்றும் தேறாதாம். "யாரு சார் இதச் செஞ்சது? வெவரமான ஆளு செஞ்ச மாதிரி இருக்கே. தெரியாத ஆளுன்னா இவ்வளவு சுத்தமா அழிக்க முடியாது" என்றார். என் வேலைக்கு அந்த வருஷம் கிடைத்த ஒரே பாராட்டு அது.

டீச்சர் வைத்திருந்த வேலை இதுதான். அந்த ஒன்பது செட்டில் இருந்த ஒவ்வொருவருக்கும் நான் ஒரு கடிதம் எழுத வேண்டும். நடந்ததைச் சொல்லி, அவர்கள் டீச்சருக்கு அனுப்பியவற்றில் தங்களிடம் பிரதி இருந்தால் திருப்பி அனுப்பும்படி கேட்க வேண்டும். நான் எழுதிக்கொண்டு போனேன். 'உங்கள் கடிதங்களை தவறுதலாக' என்று தொடங்கியிருந்தேன்.

"ஒற்று எங்க?" என்றார்.

இரண்டாம் தடவை ஒற்று எல்லாம் போட்டுக்கொண்டு போனேன். படித்துவிட்டு, "'அழிந்துவிட்டன'ன்னு எழுதியிருக்கீங்க. அதுவா அழிஞ்சுச்சு?" என்றார். 'அழித்துவிட்டேன்' என்று மாற்றினேன். மூன்றாம் தடவை, 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று நான் நைசாகச் செருகியிருந்த இரண்டு வார்த்தையை அடித்துவிட்டு, 'இடம் இருக்கிறதா என்று பார்க்காமல்' என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதம், என் பெயரோடு, விலாசப் புத்தகத்தில் இருந்த நூற்றுச் சொச்சம் பேருக்குப் போனது.

பதில்கள் அன்று சாயங்காலமே வர ஆரம்பித்தன. பெரும்பாலானவர்களிடம் தாங்கள் அனுப்பியதும் டீச்சர் போட்ட பதிலும் அப்படியே இருந்தன. கொத்துக்கொத்தாகத் திருப்பி அனுப்பினார்கள். சும்மா அனுப்பவில்லை, ஆளுக்கு நாலு வரி சேர்த்து அனுப்பினார்கள். பத்து வருஷமாக எழுதாமல் இருந்தவர்கள்கூட எழுதினார்கள். கனடாவில் இருந்து ஒருவர், 'டீச்சர், பழைய கடிதங்கள் இணைப்பில். ஏற்கெனவே திருத்தியவைதான், மறுபடி திருத்த வேண்டாம்' என்று கேட்டுக்கொண்டார். வருசநாட்டுக்காரர் ஒருவர், 'மாப்பிள்ளையை ஒன்றும் சொல்லாதீர்கள். இந்தச் சாக்கிலாவது உங்களுக்கு எழுதினேன்' என்று எழுதியிருந்தார். டீச்சர் அதில் 'சாக்கிலாவது' என்ற வார்த்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிழையெதுவும் இல்லை. சும்மாதான் பார்த்தார்.

இந்த முறை நானே உட்கார்ந்து, காலி இடத்தை ஒரு காகிதத்தில் எழுதிக் கழித்துப் பார்த்து, எல்லாவற்றையும் டி டிரைவில் சேர்த்து வைத்தேன். எனக்கு மெல்ல மூச்சு வந்தது. போனதில் முக்கால்வாசி திரும்பிவிட்டது என்று அமலாவிடம் போனில் பெருமையாகச் சொன்னேன்.

அவள், "ராஜபாண்டி அண்ணன் கடிதம்?" என்றாள்.

விலாசம் தவறு என்று திரும்பி வந்த நாலைந்தில் அந்தப் பெயரும் ஒன்று. யார் என்று கேட்டேன்.

சுருளிப்பட்டிக்காரர். டீச்சரின் முதல் செட்டு மாணவர். வளைகுடா நாடு ஒன்றில் வெல்டராக வேலைக்குப் போனவர், அங்கேயே ஒரு விபத்தில் இறந்துபோனார். ஊருக்கு உடல்தான் வந்தது. அவருடைய அம்மா செல்லத்தாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகன் டீச்சருக்கு எழுதும் கடிதங்களில்தான் அம்மாவுக்கும் செய்தி இருக்கும். மகன் போன பிறகும் அந்த அம்மா மாதத்தில் ஒரு சனிக்கிழமை டீச்சர் வீட்டுக்கு வந்து, அந்தக் கடிதங்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போவார். காகிதத்தில் எடுத்துத் தரட்டுமா என்று டீச்சர் கேட்டபோது வேண்டாம் என்றுவிட்டாராம். "அவன் அந்தப் பொட்டியிலதான எழுதுனான்? அதுலயே இருக்கட்டும்."

"வர்ற சனிக்கிழமை அவுக வருவாக" என்றாள் அமலா.

இடைப்பட்ட நாட்களில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. கடிதம் என்பது எழுதியவரிடம் ஒன்று, பெற்றவரிடம் ஒன்று என்று இரண்டு இடத்தில் இருக்கும், ஓரிடத்தில் போனாலும் மற்ற இடத்தில் இருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று அந்த வாரம் முழுக்க எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதியவர் இல்லாமல் போகும்போது, பெற்றவரிடம் இருப்பது வெறும் பிரதி இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை அவர் வந்தார். ஒல்லியான உருவம். மஞ்சள் பையில் டீச்சருக்கு முருங்கைக்காய். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கம்ப்யூட்டரைப் பார்த்தார். டீச்சர் என்னைப் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்க" என்றார்.

நூறு பேருக்குக் கடிதத்தில் சொல்வது வேறு, ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது வேறு. இடம், பிரதி, புரோகிராம் என்றெல்லாம் ஏதோ தொடங்கி, கடைசியில், "உங்க மகன் கடிதத்தை எல்லாம் நான் அழிச்சுட்டேன்மா. திரும்ப எடுக்க முடியல" என்றேன்.

"அழிஞ்சதுன்னா?"

"இனிமே இதுல வராதும்மா. வாசிக்க முடியாது."

அவர் முருங்கைக்காயைப் பையில் இருந்து எடுத்து ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தார். பிறகு கேட்டார்.

"புதுசா எழுதுனா அதுல இருக்குமா?"

"இருக்கும்."

"அப்ப எழுதுங்க. நான் சொல்றேன். எத்தன வருசமாக் கேக்குறேன்? எனக்கு மனசுக்குள்ள கெடக்குய்யா."

உட்கார்ந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, டீச்சர் வாசிக்கிற குரலிலேயே சொல்ல ஆரம்பித்தார். "அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு, ராஜபாண்டி எழுதிக்கொண்டது. நான் இங்கே நலமாக இருக்கிறேன். இங்கே மழையே கிடையாது. ஆறு மாசமாக ஒரு தூறல்கூட இல்லை. சுருளி அருவியில் தண்ணி விழுகுதா என்று அம்மாவிடம் கேட்டு எழுதவும்..."

தட்டச்சு செய்துவிட்டு வாசித்துக் காட்டினேன். அவர் கையை நீட்டி நிறுத்தினார்.

"அம்மான்னா அடிச்சீக?"

"நீங்க அப்படித்தானம்மா சொன்னீங்க."

"டீச்சரம்மா வாசிக்கையில அம்மான்னு வாசிப்பாக. அவன் ஆத்தான்னுதான் போட்டிருப்பான். இல்லையா டீச்சரம்மா?"

டீச்சர் கொஞ்சம் தயங்கி, "ஆமா. ஆத்தான்னுதான் எழுதுவான்" என்றார். மாற்றினேன். அடுத்த வரியில் நான், இரண்டு வாரம் வாங்கிய அடியின் பலனாக, 'ஆத்தாவைப் பார்க்க' என்று மிகச் சரியாக ஒற்றுப் போட்டு அடித்தேன். என் தோளுக்குப் பின்னால் நின்ற டீச்சர் குனிந்தார்.

"அங்க ஒற்று வேண்டாம்" என்றார் மெதுவாக. "அவன் போட மாட்டான். எத்தனையோ தடவை திருத்தி அனுப்பினேன். கடைசி வரைக்கும் போடல."

'ஆத்தாவை பார்க்க' என்று திருத்தினேன். அன்று சாயங்காலத்துக்குள் நான்கு கடிதம் முடிந்தது. ஒவ்வொன்றையும் முடித்ததும் சேமித்தேன். சேமித்ததைத் திறந்து பார்த்தேன். பார்த்ததை இன்னோர் இடத்திலும் வைத்தேன். போகும்போது செல்லத்தாயி அம்மா அமலாவிடம், "ஒம் மாப்ள நல்லாத்தான் அடிக்கிறாக. கொஞ்சம் பயந்த சுபாவம் போல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. டீச்சரின் மாணவர்கள் எழுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். மேடைக்கு வந்த ஒவ்வொருவரும் என் கையைக் குலுக்கி, "எங்க லெட்டர அழிச்சது நீங்கதானா?" என்று கேட்டுவிட்டுத்தான் போட்டோவுக்கு நின்றார்கள். மேடையில் இடிபட்டு நின்றபோது, "இன்னும் நாலு பேர் நிக்க எடம் இருக்கான்னு மாப்ளகிட்ட கேட்டுக்கங்கப்பா" என்று மாமா சத்தமாகச் சொன்னார். அன்று பிடித்தது இன்னும் விடவில்லை. எனக்குச் சோறு வைக்கும் யாரும் என் வயிற்றைக் காட்டி, 'எடம் இருக்கான்னு பாத்துட்டீகளா?' என்று கேட்காமல் வைப்பதில்லை. நாங்கள் தேனியில் ஃபிரிட்ஜ் வாங்கியபோதும், காரில் எல்லோரும் ஏறும்போதும், அமலாவுக்கு வயிற்றில் பிள்ளை தங்கியபோதும் அதே கேள்வி வந்தது. எங்கள் மகளுக்கு இப்போது ஆறு வயது. அவள் பேசப் பழகிய முதல் முழு வாக்கியங்களில் அதுவும் ஒன்று.

செல்லத்தாயி அம்மா இன்றும் வருகிறார். நாங்கள் அங்கே போயிருக்கும் சனிக்கிழமையாகப் பார்த்து வருகிறார். வந்ததும், "இன்னொண்ணு ஞாபகம் வந்துருக்கு" என்பார். நான் உட்கார்ந்து அடிப்பேன்.

ராஜபாண்டி தனக்கு எழுதியது மொத்தம் பதினேழு கடிதம் என்று அத்தை ஒருமுறை சொல்லியிருக்கிறார். (கல்யாணத்துக்குப் பிறகு டீச்சரை அத்தை என்று கூப்பிட எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.) போன மாதம் நான் அடித்தது இருபத்து நான்காவது. அதில் ராஜபாண்டி, அங்கே வெயில் அதிகம் என்றும், ஆத்தாவின் முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கி வைத்திருப்பதாகவும் எழுதிவிட்டு, டீச்சரின் பேத்தி பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகிறாளா என்று விசாரித்திருந்தார்.

என் விரல் நின்றது. திரும்பி அத்தையைப் பார்த்தேன். அவர் எங்கள் மகளின் கோடு போட்ட நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"அடிங்க மாப்ள" என்றார். "பேத்தியைப் பற்றின்னு வரும். அங்கயும் ஒற்று வேண்டாம்."